இருபத்தேழும் ஒரு பை பஞ்சும்

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். வீடு ராஜபாளையம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பகுதிநேரமாகப் பதிந்துகொண்டு, சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் பஸ் பிடித்து ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். என் நெறியாளர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். இதில் யார் யாரை அதட்டுவது என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் பெரும்பாலும் நான்தான் அதட்டினேன்.

காசநோய்க் கிருமியைக் கொல்லக்கூடிய புதிய மூலக்கூறுகளைச் செய்து பார்ப்பது எங்கள் வேலை. ஒன்றைச் செய்து, சுத்தம் பண்ணி, சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதைக் கிருமி மேல் போட்டுப் பார்த்து, 'பயனில்லை' என்று ஒரு வரியில் பதில் போடுவார்கள். எனக்கு அப்படி இருபத்தாறு பதில்கள் வந்தன. இருபத்தேழாவதற்குக் கிருமி செத்துப்போனது. 'புதிதாக மீண்டும் செய்து, சுத்தமான முப்பது மில்லிகிராம் அனுப்பவும்' என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலை வாசித்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு சாக்பீஸுக்குப் பதில் மதியச் சாப்பாட்டு ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன்.

காலாண்டு விடுமுறை முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் அந்த முப்பது மில்லிகிராம் கூரியரில் ஏற வேண்டும். விட்டால் அடுத்த சுற்று ஆறு மாதம் கழித்துத்தான். எனக்கோ பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு நான்கு மாதத்தில் முடிகிறது. இருபத்தேழு போகாவிட்டால் என் ஆய்வேட்டில் இருபத்தாறு 'பயனில்லை'தான் மிஞ்சும்.

முதல் தடவை பளபளவென்று ஊசி ஊசியாகப் படிகமாக வந்த அதே இருபத்தேழு, இரண்டாம் தடவை விளக்கெண்ணெய் மாதிரிக் குடுவையின் அடியில் பிசுபிசுத்துக் கிடந்தது. பனிக்கட்டியில் வைத்தேன், கண்ணாடிக் கம்பியால் சுரண்டினேன், திட்டிக்கூடப் பார்த்தேன். அது அசையவில்லை. மதுரைக்கு என்.எம்.ஆர். எடுக்க அனுப்பினோம். மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று கோடு கோடாக வரைந்து காட்டும் கருவி அது. வந்த படத்தில் இருபத்தேழின் கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. வலது ஓரத்தில் மட்டும் இரண்டு கோடுகள் அழையா விருந்தாளியாக நின்றன.

"எண்ணெய்ப் பசைக்கா. எங்கேயோ கலந்திருக்கு" என்றார் சார்.

கண்ணாடி மூடிகளில் தடவும் கிரீஸை நிறுத்தினோம். கரைப்பானாக ஊற்றும் ஹெக்சேன் பாட்டிலைப் புதிதாக உடைத்தோம். குடுவைகளை மூன்று முறை கழுவினேன். மறுபடி செய்தேன், மறுபடி அதே இரண்டு கோடு. அன்று சார் என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒருவேள... ஒங்க தலையில வைக்கிற எண்ணெயா இருக்குமோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அறிவியல் என்று வந்துவிட்ட பிறகு கோபப்பட்டு என்ன செய்ய? இரண்டு வாரம் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். நான்காம் தடவையும் இருபத்தேழு விளக்கெண்ணெயாகத்தான் வந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். நான் குடுவைகளோடு மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்க்கிற மனிதர். ஆய்வகத்தில் பஞ்சு தீர்ந்துபோய், புதிதாக வாங்க ஆபீஸில் கையெழுத்துக்கு அலையவிட்டபோது அவரிடம்தான் புலம்பினேன். மூலக்கூறைச் சுத்தம் பண்ண, சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் அடியை அடைக்கப் பஞ்சு வேண்டும். கடைசியில் கரைசலைப் புனலில் வடிகட்டவும் பஞ்சுதான்.

"இதுக்கா இம்புட்டு வருத்தப்படுத? பஞ்சு ஊர்ல இருந்துக்கிட்டுப் பஞ்சுக்கு அழுவுத" என்று சிரித்தார். சூப்பர்வைசரிடம் கேட்டு, ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கயிறு கயிறாக, மெத்தென்று, குழந்தையைப் படுக்க வைக்கலாம் போன்ற பஞ்சு. சும்மா கிடைத்ததாயிற்றே என்று நானும் தாராளமாகவே திணித்தேன். அவர் டீக்கடையில் போய், "எங்க வீட்ல மருந்து கண்டுபிடிக்கா. பஞ்சு நம்ம சப்ளை" என்று சொல்லிக்கொண்டதாகக் கேள்வி.

கடைசி வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜைக்காக ஆய்வகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை ஆய்வக உதவியாளர் அண்ணாச்சியுடையது. அவர் பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து, ஓய்வுபெற்ற பின் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். நான் அவசரத்தில் ஒரு பீக்கரை உடைத்து விரலைக் கிழித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பஞ்சைப் பிய்த்து விரலில் அழுத்தினேன். ரத்தம் அதில் ஊறவே இல்லை. பஞ்சின் மேல் உருண்டு மேஜையில் சொட்டியது.

அண்ணாச்சி ஓடிவந்து என் கையிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டார்.

"என்ன டீச்சர், மில்லுப் பஞ்சப் போயி வச்சு அமுக்குதிய! இது ரத்தத்தக் குடிக்குமா? பருத்திக் காயிலருந்து வந்த மெழுகு அப்படியே ஒட்டியிருக்கும்லா. ஆஸ்பத்திரிப் பஞ்சுன்னா காஸ்டிக் சோடாவுல போட்டு அவிச்சு, அந்தப் பசையப் போக்கிட்டுல்ல வரும்!"

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெழுகு. அது தண்ணீரில் கரையாது, ஆனால் ஹெக்சேனில் சுகமாகக் கரையும். முதல் தடவை ஆய்வகத்தில் இருந்தது ஆஸ்பத்திரிப் பஞ்சு; அது தீர்ந்த பிறகு நான் மூன்று தடவையும் இருபத்தேழை அழகாகச் சுத்தம் செய்து, கடைசியில் மெழுகுக்குள் வடிகட்டியிருக்கிறேன். ராஜபாளையத்தில் தறி, மில் என்று போகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இரண்டு வேதியியல்காரர்களுக்குத் தெரியவில்லை. விரல் வலித்ததைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம் வலித்தது.

"என் தலை எண்ணெயச் சொன்னீங்களே சார்" என்றேன்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றார்; ஆனால் சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை. எனக்கும்தான்.

புதிதாகச் செய்ய நேரம் இல்லை. மூன்று குடுவைப் பிசுக்கையும் ஒன்றாக்கி அசிட்டோநைட்ரைலில் கரைத்து, பிரிபுனலில் ஊற்றி, ஹெக்சேன் சேர்த்துக் குலுக்கினேன். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது, இரண்டு அடுக்காக நிற்கும். மெழுகு மேலே ஹெக்சேனுக்குப் போய்விடும். இருபத்தேழு கீழேயே தங்கும். கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை அப்படிக் கழுவினேன். பிறகு சூடான எத்தனாலில் கரைத்து, ஆறவிட்டு, கம்பியால் லேசாகச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஊசிகள் கிளம்பிக் குடுவை முழுக்கப் பரவின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சி அந்தப் பிரிபுனலுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

புதன்கிழமை நானே மதுரை பஸ்ஸில் மாதிரியைக் கொண்டுபோனேன். வியாழன் மாலை படம் வந்தது. வலது ஓரம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சார் அதை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே தலைக்கு எண்ணெ வச்சுக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டு மில்லிகிராம் கூரியரில் போனது.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. "பஞ்சு இப்போதைக்குப் போதும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவர் டீக்கடையில் பேசியதை நினைத்தால் வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து பதில் வந்தது. இருபத்தேழு மறுபடியும் கிருமியைக் கொன்றிருந்தது. அது மருந்தாக ஆக இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது; ஆனால் என் ஆய்வேடு பிழைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் சொன்னதும் அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பம் எம் பஞ்சும் அந்த மருந்துல இருக்குன்னு சொல்லு!"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"இருந்துச்சுங்க" என்றேன். "அத வெளிய எடுக்கத்தான் எனக்கு அம்புட்டு நாள் ஆச்சு."