என் வாய் மூன்று விரல் திறக்கிறது

ராமநாதபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் அந்த நரம்பு டாக்டர் என்னைப் பரிசோதிக்காமலேயே என் நோயை எழுதினார். கழுத்தில் கை வைக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கேட்டது ஒரே விஷயம்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"குவைத்து."

"வந்துட்டுப் போயி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

அதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒரு தூக்க மாத்திரை. அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்துவிட்டார்.

நான் கீழக்கரைக்காரி. வயது நாற்பத்தொன்று. எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கிறது, ஆனாலும் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு இது ஒரு கொட்டாவியில் ஆரம்பித்தது. காலையில் கொட்டாவி விட்டேன், இடது காதுக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். அன்று வலிக்கவில்லை. ஒரு வாரத்தில் வலித்தது. ஒரு மாதத்தில் வலி கழுத்தில் இறங்கித் தோள்பட்டை வரை போய் உட்கார்ந்துகொண்டது. கணவாய் மீனை மெல்ல முடியவில்லை. பிறகு பரோட்டா போனது. கடைசியில் இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் தாடை இறுகிக்கொள்ளும்.

காது டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பல் டாக்டர் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார். இரண்டும் நல்ல பல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓ.பி.ஜி. (இரண்டு தாடைகளையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தத்தை வைத்து உடம்பின் உள்ளே படம் எடுப்பது) கழுத்துக்கு எடுத்தார்கள், வயசுக்கு இது சகஜம் என்றார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்க்கவும் போனேன். அந்த ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு, "நல்ல டாக்டரா பாரும்மா, தாடை வீங்குன மாதிரி இருக்கு" என்றார். என் தாடையை உற்றுப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

நரம்பு டாக்டர் எழுதியதைப் படம் எடுத்து என் புருஷனுக்கு அனுப்பினேன். அவர் அங்கே ஒரு கராஜில் பதினாலு வருஷமாக மெக்கானிக். ஆங்கிலம் ஓரளவு படிப்பார். படித்துவிட்டுப் போன் போட்டார்.

"என்னவாம் மச்சான்?"

"ஒடம்புல ஒரு கோளாறும் இல்லையாம். புருசன் வெளிநாட்டுல இருக்குற ஏக்கத்துல வர்ற வலியாம்."

"அவரு கெடக்காரு."

"இல்ல. நான் வாரேன்."

வேண்டாம் என்று மன்றாடினேன். கம்பெனி லீவு தரவில்லை. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு வந்து இறங்கினார். டாக்டர் பேனாவால் கிறுக்கிய இரண்டு வரிக்குப் பதினாலு வருஷ வேலை போனது.

வந்தார். வலி போகவில்லை. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, அப்படியே இருந்தது. என் உம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"மருந்துதான் பிளேன்ல வந்து எறங்கிருச்சுல்ல. இன்னும் என்ன மூஞ்சியக் கோணிக்கிட்டுத் திரியிற?"

பக்கத்தில் இருந்த என் புருஷன் காதில் அது விழுந்தது. "மாமி, வெறும் வயித்துலயா, சாப்ட்டுட்டான்னு அந்தாளு எழுதல. அதான் வேல செய்யல போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தாடை மாட்டிக்கொண்டது. வாயை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தார். ஒரு வழியாகத் தாடை விட்டதும், "இங்கன பாரு, மெதுவா தொற" என்றார். திறந்தேன். "மூடு. திருப்பித் தொற." போனில் வீடியோ எடுத்தார்.

"வாயி நேரா தொறக்கல. பாதிக்கு மேல இடப்பக்கமா இழுத்துட்டுப் போகுது. கார் கதவுல ஒரு கீலு போனா இப்படித்தான் போகும்."

இதை ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தார். அதுவரை மூன்று டாக்டர்கள் என்னைப் பார்த்திருந்தார்கள்.

வீடியோவை எடுத்துக்கொண்டு அதே நரம்பு டாக்டரிடம் போனோம். போனைக் கையில் வாங்கவே இல்லை. "அதான் சார் வந்துட்டாரே, இனி சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்தவர் ஃபைலைத் திறந்தார், முதல் தாளில் இருந்த அந்த இரண்டு வரியைப் படித்தார், ஃபைலை மூடினார். அதோடு முடிந்தது. மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். அந்த அம்மா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வலி இருக்கு, அதனால கவலை இருக்கு. தலைகீழா எழுதியிருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்த வரி போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை படங்களை எடுத்துக்கொண்டேன், ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டேன், அந்த ஒரு தாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டேன்.

மதுரையிலேயே தாடை பார்க்கும் ஒரு பெண் டாக்டர். அவருக்குப் படிக்க ஒன்றும் இல்லாததால் என்னைப் பார்த்தார். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். கழுத்துத் தசையை ஒவ்வோர் இடமாக அழுத்தினார். ஓர் இடத்தில் நான் கத்திவிட்டேன்.

"உங்க விரலையே வாய்க்குள்ள மேலும் கீழுமா அடுக்கி வைங்க. மூணு விரல் போகணும்."

எனக்கு ஒன்றரை விரல்தான் போனது.

"இதுக்கு என்ன பேருன்னு கேக்காதீங்க. மூட்டு கொஞ்சம், கழுத்துத் தசை கொஞ்சம், எது மொதல்ல ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியல. ஆனா வலி நிஜம். வேல செய்வோம்."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர். அன்று நிம்மதியாக அழுதேன்.

என் நோய்க்கு இன்றுவரை பெயர் கிடையாது. வேறு இரண்டு பேரைக் கேட்டேன், இரண்டு பெயர் சொன்னார்கள். விட்டுவிட்டேன். தூங்கும்போது பல்லின் மேல் ஓர் உறை (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இறுகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் அச்சு) போட்டேன். ராமநாதபுரத்தில் வாரம் மூன்று நாள் பிசியோதெரபி (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுக்கும் சிகிச்சை). சூடான ஈரத்துணி ஒத்தடம். முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது மாதம் இன்னும் மோசமானது. நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். ஐந்தாவது மாதம் இரண்டு விரல் போனது. சோற்றை மென்று தின்றேன்.

அந்தச் சமயத்தில் என் புருஷனுக்குக் குவைத்திலிருந்து மறுபடி விசா வந்தது. வேறு கராஜ். தெருவே பயமுறுத்தியது. அவர் போனால் எனக்கு வலி திரும்பிவிடுமாம். அவருக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்தது.

"போகவா, வேணாமா? நீ சொல்லு."

"போங்க மச்சான். நீங்க போயி வலி கூடுனா அந்தாளு சொன்னது சரின்னு ஒத்துக்கிறேன். கூடலைன்னா அவருக்கு இருக்கு."

சொல்லிவிட்டேனே ஒழிய எனக்கும் பயம்தான். கூடினால் அதன்பிறகு என்னை யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன்.

அவர் போனார். நான் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. அவர் போய் நான்காவது வாரம், குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று விரலை வைத்தேன். மூன்றும் போனது. நேராகப் போனது, இழுக்கவில்லை. வாய்க்குள் மூன்று விரலோடு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். "மருந்து நிறுத்தியாச்சு, நோயாளி நலம்" என்று பதில் வந்தது. அன்று மத்தியானம் கணவாய் வாங்கி மிளகு போட்டு வறுத்து, ஒவ்வொரு துண்டாக மென்று, சட்டி காலியாகும்வரை தின்றேன். அல்ஹம்துலில்லாஹ்.

வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் வரும். வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். முன்பு என் காலம் அவருடைய லீவுக் கணக்கில் ஓடியது. இப்போது ஒரு கவளத்தை எவ்வளவு நேரம் மெல்லலாம், எப்போது நிறுத்தலாம் என்று தாடை சொல்கிறது. நான் கேட்டு நடக்கிறேன். இந்த உடம்பு பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபிறகு அதோடு சண்டை ஓய்ந்துவிட்டது.

பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். விவசாயக் குடும்பம், புருஷன் சிங்கப்பூரில். எட்டு மாதமாகக் கழுத்து வலி. ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அதே கையெழுத்து. எனக்கு ஆங்கிலம் வராது, ஆனால் அந்த இரண்டு வரியின் உருவம் எனக்கு மனப்பாடம். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதை நான் நாலு பேரிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் அந்த நரம்பு டாக்டர் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். "டாக்டரு உங்கள்ட்ட தனியா பேசணுங்கிறாரு ராத்தா. எதுக்கு வெளிய பேசிக்கிட்டு?"

"வெளிய எழுதிக் குடுத்தவரு வெளியதான் பேசணும்" என்று அனுப்பிவிட்டேன்.

டாக்டர், அடுத்த மாதம் எங்கள் ஊரில் நடக்கும் மருத்துவ முகாமில் நீங்கள் பேசப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நானும் வருகிறேன், சிக்கல்காரப் பெண்ணும் வருகிறார். கடல் தாண்டிப் புருஷன் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேருக்கு அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்தீர்கள்? தனியாகச் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.