முதல் பூச்சு காயும்வரை

எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எதிர்வீட்டுக்காரர்கள்தான் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் என் மகள் மலருக்கு இருபத்தொரு வயது நிறைகிறது என்று நான் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டால், ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோனி அண்ணனின் குரல். “பார்வதி, ஸ்டெல்லா மத்தியானம் கொஞ்சம் சரிஞ்சு படுத்தவ. எழும்பேல்லை.”

“எழுப்பிப் பாருங்கண்ணே” என்றேன். அப்படியும் ஒருத்தி கேட்பாளா? கேட்டேன். மறுமுனையில் அவர் அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்று முப்பத்தோராம் நாள். மாதாகோயில் மண்டபத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். ஸ்டெல்லா அக்காவின் குரல்வளத்தைப் பற்றியும் தையல் வகுப்பைப் பற்றியும் உங்களில் பலர் பேசுவீர்கள். எனக்குத் தெரிந்த அக்கா சமையற்கட்டில் இருந்தவர். அதனால் நான் கேக்கைப் பற்றித்தான் எழுதுவேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குவீன்ஸ்டவுனுக்குக் குடிபோகும் முன், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மசாலா மில்லுக்கு மேல்மாடியில் நாங்கள் இரண்டு குடும்பம். சமையற்கட்டு ஒன்றுதான். என் மாமியார் சுத்த சைவம். குடிவந்த அன்றே தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டார். முட்டையும் மீனும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அக்கா முகம் சுளிக்கவில்லை. “ஓம் மாமி” என்று சொல்லிவிட்டுத் தன் சட்டிகளை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மலருக்கு ஐந்து வயதானபோது, கடைக் கண்ணாடிக்குள் பார்த்த மாதிரி வெள்ளைக் கேக் வேண்டும் என்று ஒரே அடம். அக்கா முட்டை சேர்க்காமல், டின் பால் ஊற்றி, கரியடுப்பின் மேல் தகரப் பெட்டி வைத்து ஒன்று சுட்டார். நல்ல மணம். ஆனால் தொட்டால் உதிர்ந்தது. வெண்ணெய் ஐசிங்கைத் தடவத் தடவ, துகளெல்லாம் கத்தியோடு வந்து வெள்ளை முழுக்க அப்பிக்கொண்டது. மலர் எட்டிப் பார்த்து, “ஆன்ட்டி, கேக்ல ஏன் இவ்ளோ எறும்பு?” என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு கிண்ணத்தில் ஐசிங் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்து, கேக் தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஒரு பூச்சு. துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. நான் அதைச் சொன்னதும், “முதல் பூச்சு வடிவுக்கில்லை பார்வதி. உதிருறதைப் பிடிச்சு வைக்கத்தான்” என்றார். தேக்கா சந்தையில் வாங்கிய ஐஸ்கட்டியை அகலப் பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் கேக் தட்டை வைத்துக் காயவிட்டார். பிறகு கத்தியைக் கழுவித் துடைத்து, இரண்டாவது கிண்ணத்தைத் திறந்தார். கேக்கில் பட்ட கத்தி கழுவாமல் அந்தக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது என்பது அவர் சட்டம்.

கோட்டுக்கு எங்கள் பக்கமிருந்து என் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். எச்சில் பாத்திரம், நல்ல பாத்திரம் என்று காலமெல்லாம் எங்களை விரட்டியவர் அல்லவா? “பார்த்தியாடி, சுத்தம்னா இது” என்று எனக்கு ஒரு குத்து. மறுநாள் காலை தரையில் சாக்கட்டிக் கோட்டைக் காணவில்லை. யார் அழித்தது என்று நாங்கள் கேட்கவில்லை. முட்டை மட்டும் கடைசிவரை எங்கள் பக்கம் வரவில்லை. அது அக்காவின் மரியாதை.

எனக்குப் பொறுமை கிடையாது. பூச்சு காயும் முன்பே கத்தியை எடுத்துவிடுவேன். அக்கா சுண்டுவிரலால் கேக்கின் ஓரத்தை லேசாகத் தொட்டு, விரலில் ஒட்டினால் என் கத்தியைப் பிடுங்கிவிடுவார். “பொறும். காயட்டும். ஏன் அந்தரப்படுறீர்?” அவர் பேச்சில் அந்தரம் என்றால் அவசரம். என் கணவர் இறந்துபோன மாதமும் அக்கா அதையேதான் சொன்னார். நகைகளை விற்றுவிட்டு, மாமியாரையும் மலரையும் இழுத்துக்கொண்டு எங்காவது போய்விடத் துடித்தேன். “பொறும் பார்வதி. இப்ப ஒண்டும் முடிவெடுக்காதேயும்” என்றார். அந்த நாட்களில் நான் பாயை விட்டு எழவில்லை. மலருக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியது அக்கா. என் தலையைப் பின்னியதும் அக்காதான். அன்று நான் உதிர்ந்துபோகாமல் இருந்தேன் என்றால் அது அவரால். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அழுது ஓய்ந்து, தண்ணீர் எடுக்கச் சமையற்கட்டுக்குப் போனேன். வலைக்கூடைக்குள் கேக் இருந்தது. மலருடைய கேக். முதல் பூச்சு முடிந்திருந்தது. அடியில் வைத்த ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு விரல் தடம். தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒட்டியிருக்கிறது. காயட்டும் என்று போய்ப் படுத்திருக்கிறார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாவு வீட்டில் சமைத்ததை எங்கள் பக்கத்தில் வாயில் வைக்க மாட்டார்கள். என் மாமியார் இதைப் பார்த்தால் கொட்டச் சொல்வாரே என்று பயந்தேன். அவர் மலரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நானே முந்திக்கொண்டு, “எடுத்துப் போட்டுடவா அத்தை?” என்றேன்.

“எதப் போடப்போற? அவ கை பட்டதுல என்னடி தீட்டு?” என்றார். “பாதியில கெடக்கு. போ, கத்தியைக் கழுவிட்டு வா.”

இரண்டாவது கிண்ணம் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. உள்ளே ஒரு துகள் இல்லை. அவர் தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் நானும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேலே பூசினேன், சுற்றிப் பூசினேன், விரல் தடம் இருந்த இடத்தை மட்டும் விட்டு வைத்தேன். அங்கே கை போகவில்லை. மலர்தான் சொன்னாள். “மூடிருங்கம்மா. இப்படி விட்டா ஆன்ட்டிக்குப் பிடிக்காது லா.” அவள் அழுதுகொண்டே தட்டைத் திருப்பிக் கொடுக்க, நான் மூடினேன். மறுநாள் அடக்கம் முடிந்து வந்ததும் மலர் அதை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். முதல் துண்டை அந்தோனி அண்ணனுக்கு. இரண்டாவதை என் மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்று தேநீரோடு உங்களுக்குத் தரும் கேக் நான் செய்தது. முட்டை இல்லை, சைவக்காரர்கள் தயங்காமல் சாப்பிடலாம். நேற்று முதல் பூச்சைப் போட்டு, ஐஸ்மேல் வைத்து, அக்கா மாதிரியே சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை; நன்றாகவே காய்ந்திருந்தது. ஆனாலும் நான் கத்தியை எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறுமை ஒன்றுதான். சரிந்து படுத்தவர் எழும்பி வரட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே எழுந்து கத்தியைக் கழுவினேன்.