கப்பல் பெட்டியைத் துரத்திக்கொண்டு நெம்மேலிக்கு

காலை ஏழு மணிக்குப் படாளம் கூட்ரோட்டில் பஸ் ஏறினோம். நான், என் தம்பி செல்வம், அவன் மகள் யாழினி. குழந்தைக்கு மூன்று வயது, தாயில்லாததால் என்னிடம்தான் வளர்கிறாள். என் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். பெற்ற அப்பன் கையை நீட்டினால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

செல்வத்துக்கு மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் வேலை. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது போனவன், இப்போதுதான் ஒரு மாத லீவில் வந்திருந்தான். அங்கே இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே சாமான்களைப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பெட்டி முதலில் வந்து சேரும், ஆள் பின்னால் கை வீசிக்கொண்டு விமானத்தில் வருவான். செல்வமும் சோப்பு, பால் பவுடர், கம்பளி, மகளுக்கு ஒரு பொம்மை என்று கட்டி அனுப்பினான். ஆள் வந்தாயிற்று, லீவும் தீர்ந்தாயிற்று, பெட்டியைக் காணோம். கொழும்பில் வரிசையில் நிற்கிறது என்றார்கள். பிறகு சென்னைக்கு வெளியே கடலில் நிற்கிறது என்றார்கள். ஒரு கப்பல் நிற்பதற்கு இத்தனை இடம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. "இன்னா செல்வம், கொயந்தைக்கு இன்னா கொண்டாந்த?" என்று தெருவில் கேட்காத ஆளில்லை. "கப்பல்ல வந்துகினுகீது" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் ஏஜென்ட் போன் செய்தான். பெட்டி வேனில் ஏறிவிட்டதாம். ஆனால் வேன் நாளைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறது, படாளத்துக்கு நாளை மறுநாள்தான் வருமாம். செல்வத்துக்கோ நாளை ராத்திரி விமானம்!

"அந்த பொம்மைய என் கையால குடுக்கணும்க்கா" என்றான். "அப்பயாவது என்னாண்ட வருவா. ஒரு தபா அப்பான்னு கூப்ட்டா போதும், நிம்மதியா ஏறிடுவேன்."

இதைக் கேட்ட பிறகு எவள் வீட்டில் உட்காருவாள்? வேனைத் துரத்தக் கிளம்பிவிட்டோம்.

மாமண்டூர் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே மணல்தான் தெரிந்தது, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எட்டு மணிக்குச் செங்கல்பட்டு. அங்கிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பெண் என்பதால் எனக்கு ஓசி, அவனுக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். திருக்கழுக்குன்றம் மலை ஜன்னலில் வந்தபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். செல்வம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை, போனில் வேன் டிரைவரைப் பிடிப்பதிலேயே இருந்தான்.

ஒன்பதரைக்கு மாமல்லபுரத்தில் இறங்கினோம். கல் பட்டறைகளில் வெளிநாடு போகிற பிள்ளையார்கள் மரச்சட்டத்துக்குள் தயாராக நின்றிருந்தார்கள். இவர்களும் கப்பலில்தான் போக வேண்டும். எந்தக் கொழும்பில் நிற்கப் போகிறார்களோ, பாவம்! செல்வம் குழந்தைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கி நீட்டினான். மிட்டாயை வாங்கிக்கொண்டாள், அவனிடம் போகவில்லை.

வேன் தேவனேரியில் இருப்பதாகத் தகவல். ஆட்டோ பிடித்துப் போனால், இப்போதுதான் நெம்மேலிக்குப் போயிற்று என்றார்கள். அதே ஆட்டோவில் ஈ.சி.ஆரில் விரட்டினோம். மொத்தம் முந்நூறு ரூபாய். நெம்மேலி குப்பத்தில், வலைகள் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றிருந்தது.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்ற! படாளம் கடைசின்னு உன் பொட்டிய அடில போட்டுகீறேன். எல்லாத்தையும் எறக்கணும்."

"நானே எறக்குறேன் நைனா. நீ நெயல்ல குந்து" என்றான் செல்வம்.

பெட்டி வாங்க வந்திருந்த ஒரு பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே கை கொடுத்தாள். அவள் புருஷன் பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருக்கிறானாம்.

"எப்பவும் இப்டித்தான் லேட்டாவுமா?" என்று கேட்டேன்.

"லேட்டாவும்க்கா. ஆனா வராம போனதில்ல" என்றாள். "எங்கூட்டுக்காரரு தீவாளிக்கு வரேன்னுதான் சொல்றாரு. மூணு தீவாளி ஆச்சு. பொட்டிதான் வந்துகினுகீது."

கடைசியில் எங்கள் பெட்டி வந்தது, செல்வத்தின் பெயர் பட்டையாக எழுதி, ஒரு மூலை நசுங்கி. அங்கேயே கயிற்றை அறுத்தான். பொம்மை பத்திரமாக இருந்தது. வயிற்றை அமுக்கினால் அரபியில் பாடியது. குப்பத்துப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். யாழினி வாயைப் பிளந்துகொண்டு அவனிடம் நடந்தே போய், இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய கையோடு ஓடிவந்து என் மடியில் ஏறிவிட்டாள்.

"போவட்டும்க்கா, சிரிச்சாளே" என்றான் செல்வம். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் நடந்தான்.

இரண்டு மணிக்கு வீடு. நாலு மணிக்குக் கார் வந்தது. யாழினி அழகாக டாட்டா காட்டினாள், அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. செல்வம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். எனக்கு அந்தக் கப்பல் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவன் வரும்போதே பெட்டியும் வந்திருந்தால், பழகுவதற்கு முழுசாக ஒரு மாதம் இருந்திருக்குமே!

ஏழு மணிக்கு விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. அவன் மஸ்கட்டில் இருக்கும்போது தினமும் பேசுகிற அதே நேரம். நான் எடுப்பதற்குள் யாழினி பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா! நீ அனுப்ச்ச பொம்மை வந்துச்சுப்பா. பாட்டு பாடுது! நம்ம வூட்டுக்கு ஒரு மாமா வந்தாரு, அவருதான் பொட்டிய தூக்கினு வந்தாரு."

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் செல்வத்தின் குரல் மெதுவாகக் கேட்டது.

"மாமா நல்லவராம்மா?"

"உம். பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்தாரு."

"மறுபடி அனுப்பட்டுமா அவர?"

யாழினி பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அனுப்புப்பா. கப்பல்ல மட்டும் அனுப்பாத. லேட்டாவும்."