பண்டகசாலையில் ஓர் அறை

துறைமுகத்தருகே ஒல்லாந்தர் கட்டிய பண்டகசாலை இன்று ஆடம்பர விடுதி. அறைக்கதவைத் திறந்ததும், ஊழியர் தெளித்திருந்த நறுமணத்தையும் மீறி ஈரச் சுண்ணாம்பின் வாடை எழுந்து, என்னைச் சிறுவயதுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. போரில் வீடிழந்து இதே சுவர்களுக்குள் நாங்கள் ஒண்டியிருந்த நாள்களில், சேலைத் தடுப்புகளுக்கிடையே பருப்பு வேகும் புகையும் குழந்தைகளின் இருமலும் உயர்ந்த கூரைவரை எழுந்து தணிந்துகொண்டிருக்க, வாசலில் எந்தக் காலடி கேட்டாலும் அம்மாவின் தலை நிமிரும். மூதூரில் அகப்பட்டிருந்த சித்தப்பாவை அழைத்துவரச் சென்ற அப்பாவிடம், “நாங்கள் இஞ்சதான் நிப்பம்” என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அப்பா திரும்புமுன் எங்களைப் பேருந்தில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள்; அதன்பின் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அந்தச் சொல்லைக் காப்பாற்றவே அம்மா இந்த முதிய வயதில் என்னையும் அழைத்துக்கொண்டு இங்கே தங்க வந்தார்.

“இந்தக் கட்டில் போட்ட இடத்தில மூண்டு குடும்பம் படுத்தனாங்கள்” என்று சிரித்த அம்மா, புறப்படும்போது, இளைஞர் ஒருவர் இருந்த வரவேற்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார்.

“தம்பி, இன்னொரு நாள் நிக்க ஏலாதோ?”

“ஏலாது அம்மா, வேற ஆக்கள் வருகினம்.”

“அப்ப, இவன்ர அப்பா வந்தா எங்கட விலாசத்தைக் குடுப்பீங்களோ?”

“ஓம் அம்மா” என்றார் அந்த இளைஞர், பேனாவை எடுத்தபடி. “எத்தினை மணிக்கு வருவார்?”

அம்மா பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.