காற்று அடைக்கிறவன் கடலுக்குள் போன கதை

கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவில் பிறந்து, ஐம்பத்து நான்கு வயதாகியும் கடலுக்குள் தலையை முழுசாக நனைக்காத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். இதில் கொடுமை, என் பிழைப்பே கடலுக்குள் போகிறவர்களை நம்பித்தான். இருபத்தெட்டு வருஷமாக ஒரு டைவிங் கடையின் பின்புறக் கொட்டகையில் கம்ப்ரஸரை ஓட்டி சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்கிறேன். ஒரு நாளைக்கு நூறு, கூட்டம் வந்தால் நூற்றைம்பது. அமெரிக்கனும் டச்சுக்காரனும் மீன்களோடு குலாவிவிட்டு வருவதற்கு மூச்சு கொடுக்கிறவன் ரூட்செல் சோலியானோ. அந்த ரூட்செலுக்கு முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு முட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை முயன்றேன். கடையில் டைவிங் சொல்லிக் கொடுக்கிற எல்வியோ எனக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்வ வைத்து, இடுப்பளவு தண்ணீரில் மண்டியிடச் சொன்னான். மண்டியிட்டேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, காலில் துடுப்புச் செருப்போடு தார்ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "காது சரியில்லை" என்று சொல்லிவிடுவேன். காது நன்றாகத்தான் இருக்கிறது. பயம், வேறொன்றுமில்லை.

இன்னொரு வியாதியும் உண்டு. திறந்திருக்கிற வால்வைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. காற்று நிரம்பியதும் மூடு, அடுத்ததை எடு, மூடு. இதையே இத்தனை வருஷம் செய்த கை அது. நான் யோசிப்பதற்குள் மூடிவிட்டு வந்துவிடும். ஒருநாள் என் மனைவி நெரீடா தலையில் நுரையோடு குளித்துக்கொண்டிருந்தபோது, வெளியே குழாய் திறந்திருக்கிறதே என்று மூடிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கம்ப்ரஸரைக் கட்டியிருக்கலாம். அதுவாவது சத்தம் போட்டுட்டு மூடும்," என்றாள்.

இப்படிப்பட்டவன் மகளிடம் மட்டும் பெரிய கடல்வீரன். லூயிசெட் பள்ளி விட்டதும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, "பாப்பி, இன்னைக்குக் கடல்ல என்ன பாத்த?" என்பாள். எங்கள் ஊரில் அப்பாவுக்குப் பாப்பி. சிலிண்டரைத் திருப்பித் தருகிறவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதில் ஒன்றை எடுத்து என் கண்ணால் கண்ட மாதிரி சொல்வேன். சொல்லி முடித்தால், "அப்புறம்?" என்பாள். அதற்கும் ஏதாவது சொல்வேன். "அப்புறம்?" அவளுடைய அப்புறத்துக்கு முடிவே கிடையாது, என் புளுகுக்கும் முடிவில்லாமல் போயிற்று. தெற்கே, டைவிங் இடத்துக்கு அடையாளமாகக் கரையில் வைத்த ஒரு மஞ்சள் கல்லுக்கு நேரே கடலடியில், சிவப்புக் கடற்பஞ்சில் வாலைச் சுற்றிக்கொண்டு இருக்கும் ஒரு கடல்குதிரை. அதற்கு அவள் பெப்பே என்று பெயர் வைத்தாள். பெப்பேவுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், பிள்ளை பெற வைத்தேன், ஒரு புயலில் காணாமல்கூடப் போக்கினேன். அன்றைக்கு அவள் சாப்பிடாமல் அழுததால் மறுநாளே கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன்.

பதினெட்டு வயதில் படிக்க ஹாலந்து போனாள். அங்கேயே வேலை, அங்கேயே ஒரு பையன். போன ஏப்ரலில் போன் செய்தாள்.

"பாப்பி, யோரிஸைக் கூட்டிட்டு வரேன். அவன் டைவ் பண்ணுவான். உன்னைப் பத்திச் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கு. ஒரு வாரம் லீவு போடு. நீதான் அவனுக்குக் கடலைக் காட்டணும். பெப்பே இருந்த இடத்தையும் காட்டு."

"அதுக்கென்ன, காட்டிட்டா போச்சு," என்றது என் வாய்.

நெரீடா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "உண்மையைச் சொல்லிடு. பிள்ளைதானே, சிரிச்சிட்டு விட்டுடுவா."

"சிரிக்க மாட்டா. நான் சொன்னது அத்தனையும் பொய்னு நினைப்பா. நீ வீட்டுல இல்லாத நேரம் முழுக்க அவளை வளத்தது அந்தக் கதைங்கதான்."

"அப்போ போய் முங்கு," என்றாள்.

எல்வியோவின் காலில் விழாத குறை. கடையின் பயிற்சித் தொட்டியில், ஆள் வருவதற்கு முன் ஐந்து காலைகள். முதல் நாள் முகத்தை நனைக்கவே ஒரு மணி நேரம். "நீ அடைச்ச காத்துதான்யா, நம்பிக் குடி," என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஐந்தாம் நாள் தொட்டியின் அடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி. "போ. ஆனா அஞ்சு மீட்டருக்குக் கீழ போனேன்னு கேள்விப்பட்டேன், நானே வந்து உன்னை முக்கிடுவேன்," என்றான் எல்வியோ.

அவர்கள் வந்து இறங்கினார்கள். யோரிஸ் கதவு உயரம், பால் நிறம். எடுத்த எடுப்பில் "ரூட்செல்" என்றான். மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் ஊர் மரியாதையாம், தொலையட்டும் என்று விட்டேன். எப்போது பார்த்தாலும் தன் டைவிங் பெருமைதான். நான் முதல் நாள் காற்று அதிகம் என்றேன். இரண்டாம் நாள் நீரோட்டம் சரியில்லை என்றேன். மூன்றாம் நாள் ஏரிபோல் படுத்திருந்த கடலைப் பார்த்து, "எனக்குப் பிடிக்கல, ரொம்ப அமைதியா இருக்கு," என்றேன். அதற்குள் அவன் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தான். நெரீடாவின் ஆட்டுக்கறியைச் சாப்பிட்டு வயிறும் போயிருந்தது. நல்ல விடுமுறை.

நான்காம் நாள் லூயிசெட்டே வண்டியை எடுத்தாள். தெற்கே, அந்த மஞ்சள் கல்லுக்கு. வழக்கம்போல் கண்ணாடிகளை இறக்கி, கதவைப் பூட்டாமல் விட்டோம். பூட்டினால் திருடன் கண்ணாடியை உடைத்துத் தேடுவான். திறந்து போட்டால் ஒன்றுமில்லை என்று போய்விடுவான். யோரிஸ் பிக்கப்பின் பின்பலகையில் இரண்டு சிலிண்டர்களையும் நிறுத்தி, குழாய்களை மாட்டி, வால்வுகளைத் திறந்து மீட்டரைப் பார்த்தான்.

"ரெண்டும் ஃபுல், ரூட்செல்," என்று சொல்லிவிட்டு உடுப்பு மாட்டப் போனான்.

நான் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

தண்ணீருக்குள் நடந்தோம். கழுத்தளவு வந்ததும் யோரிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, எல்லாம் சரி என்று காட்டினான். நானும் காட்டினேன். முங்கினோம். ஒரு மூச்சு, நன்றாக இருந்தது. இரண்டு. சரிவில் இறங்கி மூன்று மீட்டர் வந்திருப்போம். நான்காவது மூச்சை இழுத்தேன், வரவில்லை. குழாயைச் சப்பிப் பார்த்தேன், வரவில்லை. யோரிஸிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவன் ஏற்கெனவே என்னை நோக்கித் தொண்டையில் கையை வைத்து அறுத்துக்காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் காற்றில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளை தன் உபரிக் குழாயை என் வாய்க்குத்தான் நீட்டினான். நானும் என்னுடையதை அவன் வாயில் திணித்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு வெறுங்குழாயை உறிஞ்சிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு ஒரே உதையில் மேலே.

மேலே வந்தும் கதை முடியவில்லை. மிதக்க வைக்கிற மேலங்கியில் காற்று ஏறவில்லை, இடுப்பில் ஈயக் கட்டிகள் இழுத்தன. உப்புத் தண்ணீரைக் குடித்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறி, கால் தரையில் பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. லூயிசெட் கவுனோடு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். யோரிஸின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் திருகினாள். என் முதுகுக்குப் பின்னாலும் திருகினாள்.

"ரெண்டும் மூடியிருக்கு," என்றாள். முதல் மூன்று மூச்சும் குழாயில் மிச்சமிருந்த காற்று.

யோரிஸ் வெளுத்துப் போனான். "நான் திறந்தேன் லூயி, சத்தியமா. ஆனா வாயில வெச்சு இழுத்துப் பாக்கல. அதையும் பாக்கணும், பாக்கல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அம்மா தலையில் நுரையோடு நின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து வளர்ந்தவள் அவள்.

"பாப்பி. இத்தனை வருஷம் டைவ் பண்ற ஆளு முங்கறதுக்கு முன்னாடி வால்வை மூடுவானா?"

"கை பழக்கம்மா."

"எத்தனை தடவை கீழ போயிருக்க?"

யோரிஸைக் கொன்றிருப்பேனே என்ற நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. அந்த நடுக்கத்தில் பொய் வரவில்லை. "இதான் முதல் தடவை," என்றேன்.

யோரிஸ் மூக்கைச் சிந்தினான். "எனக்கு ஒன்பதாவது. அதுல ஏழு, ஊர்க் குளத்துல," என்று தானாகவே சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

அவள் கரையேறி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். தீவில் கேட்பாரில்லாமல் திரிகிற கழுதைகளில் ஒன்று வண்டி ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, நெரீடா விடிகாலையில் எழுந்து பொரித்துக் கொடுத்த, சீஸ் வைத்த பாஸ்தெச்சிப் பலகாரங்களில் கடைசியை மென்றுகொண்டிருந்தது. லூயிசெட் செருப்பைக் கழற்றி அதன் மேல் எறிந்தாள். அந்தச் செருப்பு யாருக்கு வர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

மஞ்சள் கல்லின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெப்பேயும் பொய்யா?"

"பெப்பே பொய்யில்ல. ஒரு பெல்ஜியம் அம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க, சிவப்புப் பஞ்சுல வாலைச் சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னு. பாத்தது நானில்ல, அவ்வளவுதான். கல்யாணம் மட்டும் நான் பண்ணி வெச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அப்புறம் அப்புறம்னு கேப்ப. எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு, காத்தைத் தவிர?"

கழுதை திரும்பி வந்து இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. பிறகு அவள் எழுந்து வந்து என் வால்வைத் தானே சோதித்தாள். யோரிஸை வாயில் வைத்து இழுத்துக் காட்டச் சொன்னாள். என்னையும் இழுக்கச் சொன்னாள். மீட்டர் முள் ஆடாமல் நின்றது, வால்வுகள் திறந்துதான் இருந்தன.

"போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எதையும் தொடாத."

போனேன். பயம் போகவில்லை, அது என்னோடு கூடவே இறங்கியது. யோரிஸின் கையை நான் விடவேயில்லை, அவனும் விடவில்லை. ஐந்து மீட்டர். கீழே மணல்தான். முழங்கால் போட்டு உட்கார்ந்தேன், மூச்சை விட்டேன். குமிழிகள் கொத்தாகக் கிளம்பி, வெளிச்சத்தைப் பார்த்துப் பெரிதாகிக்கொண்டே மேலே போயின. இருபத்தெட்டு வருஷமாக நான் அடைத்துக் கொடுத்த காற்று எங்கே போகிறது என்று அன்றுதான் பார்த்தேன். இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மீனைப் பற்றித்தான் சொன்னார்கள்.

ஒன்பது நிமிஷம். மேலே வந்தோம்.

லூயிசெட் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். "என்ன பாத்த?"

"மணல். ஒரு பழைய செருப்பு, ஒத்தைச் செருப்பு. சின்னதா ஒரு நீல மீன், என் கண்ணாடியைக் கொத்திட்டுப் போச்சு. நான் விட்ட காத்து மேல போனதைப் பாத்தேன்."

"அப்புறம்?"

வாய் பழக்கத்தில் திறந்தது. சிவப்புப் பஞ்சு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

"அப்புறம் ஒண்ணுமில்ல. பயமா இருந்துச்சு, வந்துட்டேன்."

அவள் அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சிலிண்டரோடும் ஈயக் கட்டிகளோடும் சேர்த்து. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டிய என் வலது கை பின்னால் போய், வால்வைத் தேடிப் பிடித்து மூடிக்கொண்டிருந்தது.

"மூடிக்கோ பாப்பி, இப்போ மூடலாம்," என்றாள் என் தோளில் முகத்தை வைத்தபடி.