அழிக்க முடியாத தக்காளிச் செடி

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அந்த அம்மாவின் விரல்களில் மையும் நகக்கண்ணில் மண்ணும் இருக்கும். செல்போனில் எந்தத் தோட்டக் குறிப்பைப் பார்த்தாலும், கடை மாடியில் ஒரே ஒரு செடிக்கு மட்டும் முதலில் செய்து பார்ப்பார்.

நான் போனபோது ஒரு வீடியோவின் கீழே எழுதிக்கொண்டிருந்தார்: "ஆப்பசோடா கரைத்து அடித்தேன். தக்காளிச் செடி கருகிவிட்டது. யாரும் செய்யாதீர்கள்."

"மூணாவது வாட்டி எழுதுறேன் சார். வீடியோ போட்டவன் ரெண்டு வாட்டி அழிச்சிட்டான்."

"ஒரு செடிதானே, விடுங்களேன்" என்றேன்.

"எனக்கு ஒண்ணு. அத்தப் பாத்துத் தோட்டம் முழுக்க அடிக்கிறவனுக்கு?"

பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதும் காணாமல் போனது. அவர் திட்டவில்லை. மாடிக்குப் போய்க் கருகிய கிளையை ஒடித்து வந்து, ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்து மூடினார். வெளியே வந்த தாளில் அந்த வீடியோவின் பெயரை எழுதி, "இதைச் செய்தால் இப்படித்தான் ஆகும்" என்று சேர்த்தார். பிறகு அதைப் பிரதி எடுக்கத் தொடங்கினார்.

"இப்ப அழிக்கச் சொல்லுங்க சார், பாக்கலாம்."

மறுவாரம் விதைக்கடைக் கதவிலும், எதிரே பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் பஸ் நிற்குமிடத்திலும் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. வீடியோக்காரர் எந்த ஊரோ தெரியவில்லை. செஞ்சிக்கு வந்தால் அதைப் பார்க்காமல் அவரால் பஸ் ஏற முடியாது.