நசுங்கிய ஃபில்டர்

என் வேலை மேசையின் இழுப்பறையில் ஒரு சின்ன உலோகப் பெட்டி கிடக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் மின்கம்பி செருகுகிற வாய், மறுபக்கம் மூன்று பித்தளை நாக்குகள். கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி செய்கிறவர்கள் இதை லைன் ஃபில்டர் என்பார்கள். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தோடு சேர்ந்து வரும் கரகரப்பை வடிகட்டி, சுத்தமாக உள்ளே அனுப்புவது இதன் வேலை. இந்தப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. என் இடது புருவத்தைக் கிழித்துவிட்டு, அங்கிருந்து சுவரில் போய் மோதியதில் நசுங்கியது. எறிந்தவர் என் அண்ணன்.

அண்ணன் கிட்டார் வாசிப்பார், ஆட்களையும் அடிப்பார். இரண்டிலும் கைதேர்ந்தவர். கிள்ளானிலிருந்து சுங்கை பூலோ வரை கல்யாண மண்டபங்களில் அவருடைய குழுவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தாளம் ஒரு நொடி பிந்தியதற்காக டிரம்ஸ்காரன் மேல் மைக் ஸ்டாண்டைத் தூக்கி எறிந்து காதைப் பிளந்திருக்கிறார். சோறு குழைந்ததற்காகத் தட்டை விட்டெறிந்திருக்கிறார், அது சுவரில் பட்டதே அண்ணி குனிந்ததால்தான். தங்கச்சி எனக்கும் சின்ன வயதிலிருந்தே பங்கு உண்டு. "கலைஞன்னா கொஞ்சம் கோவம் இருக்கத்தான் செய்யும் லா" என்று சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் கலைஞனுக்கு வந்தால் பல் போவது மட்டும் எப்போதும் அடுத்தவனுக்கு.

கிள்ளானில் ஒரு கடையின் மாடியில் நான் ஆம்ப் செய்துகொண்டிருந்தேன். அண்ணனுடைய ஆம்பும் நான் செய்ததுதான். மண்டபங்களில் சமையல்காரர்களின் குளிர்பெட்டி ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் ஆம்பில் 'பட்' என்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும். மேடை விளக்குகளைக் கூட்டிக் குறைத்தால் இரைச்சல் வரும். அண்ணன் ஆம்பை எட்டி உதைப்பார். உதை வாங்கி வாங்கி அதன் முகப்பே பெயர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த ஃபில்டரை வாங்கிப் பொருத்தினேன். வெடிப்பு நின்றது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வடிகட்டிய அழுக்கை இது எர்த் கம்பி வழியாகத்தான் வெளியே தள்ளும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல், சுவர் மின்சாரத்தில் பாதி அழுத்தம் ஆம்பின் தகரத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கிட்டார் கம்பிக்கு வரும், கம்பியிலிருந்து வாசிக்கிறவன் உடம்புக்கு வரும். ஆளைக் கொல்லாது, கடிக்கும். இங்கே குழுக்காரர்களுக்கோ எர்த்தை வெட்டுவதுதான் கைவைத்தியம். 'ம்ம்ம்' என்று ஆம்ப் முனகினால் உடனே பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் கம்பியை வெட்டிவிடுவார்கள். மூன்றாவது கால் இல்லாமல் சுவர்த்துளை திறக்காது என்பதால் காலை மட்டும் விட்டுவைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிளக் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

"அண்ணே, எர்த்த வெட்டிராதீங்க. இது பழைய ஆம்ப் மாதிரி இல்ல, கடிக்கும்" என்றேன்.

"ஒனக்குப் பயம்னா நீ தள்ளி நில்லு லா" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் பிளக்கிலும் ஆம்பின் தகரத்திலும் மீட்டரை வைத்து நானே எர்த்தை அளந்து பார்ப்பேன். கம்பி அறுபடாமல் இருந்தால் மீட்டர் கூவும். அதற்காகவே கூடப் போவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மத்தியானக் கல்யாண விருந்து. காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலறையில் பிளாஸ்டிக் பையில் ஐஸைக் கட்டி மணிக்கட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு முழங்கை அளவுக்கு வீங்கியிருந்தது. "கதவுல மாட்டிக்கிச்சு" என்றார். அந்த வீட்டுக் கதவுகள் ஆளைப் பார்த்துத்தான் மாட்டும், அண்ணன் விரல் ஒருநாளும் மாட்டியதில்லை.

மண்டபத்தில் மீட்டரை வைத்தேன். சத்தம் வரவில்லை. முந்தின நாள் ஒத்திகையில் ஆம்ப் முனகியதாம், அண்ணன் வெட்டிவிட்டார். என் பையில் திருப்புளி இருந்தது, கம்பி இருந்தது. ஐந்து நிமிட வேலை. மேடை ஓரத்தில் அண்ணன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அண்ணியின் கை ஞாபகம் வந்தது. மீட்டரைப் பையில் போட்டு மூடினேன். கடிக்கட்டும், ஒரு தடவையாவது கடிக்கட்டும் என்று நினைத்தேன். இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "எல்லாருக்கும் வண..." என்று மைக்கில் வாயை வைத்தார். உதடு மைக் வலையில் பட்டதும் உடம்பு வெட்டி இழுத்தது. பின்னால் சாய்ந்து டிரம்ஸ் தட்டுகளுக்கு நடுவில் பெரும் சத்தத்தோடு விழுந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அதோடு முடிந்திருக்கும்.

சவுண்டுக்காரர் சுங்கை பூலோவிலிருந்து வருகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். தன் மேசையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடிவந்தார். "மாஸ்டர், என்னா ஆச்சு? அடி பட்டுச்சா?"

"என்னையே கொல்லப் பாக்குறியாடா?" என்று கத்தியபடி அண்ணன் இறங்கினார். கிட்டாரை அதன் கழுத்தில் பிடித்து ஓங்கி வீசினார். அதன் கட்டை சவுண்டுக்காரர் தாடையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. கீழே விழுந்தவரின் தோளில் ஓர் அடி, மறைக்க வந்த கையில் ஓர் அடி. நாலு பேர் பிடித்து இழுத்தும் எட்டி எட்டி உதைத்தார். வெள்ளை மேசைவிரிப்பில் இரத்தம் தெறித்திருந்தது. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். "கல்யாண வீட்டுல போலீஸ் வேணாம் லா, பேசி முடிச்சுக்கலாம்" என்றார் பெண்ணின் அப்பா. பேசி முடித்தார்கள். சவுண்டுக்காரன் ஒயரைத் தப்பாக மாட்டினான் என்பதுதான் முடிவு. அதன்பிறகு எந்த மண்டபமும் சவுண்டுக்காரரைக் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அண்ணனைப் பற்றிய பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் சவுண்டுக்காரர் தன் ஒலி மிக்ஸரையும் ஒயர்களையும் தூக்கிக்கொண்டு என் கடை மாடி ஏறி வந்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லுக்கிடையில்தான் பேசினார். "தங்கச்சி, எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க. நான் எல்லாத்தயும் சரியாத்தான் போட்டேன். யோசிச்சு யோசிச்சு, நாந்தான் தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு."

எல்லாவற்றையும் அவர் கண் முன்னால் அளந்தேன். ஒரு குறையும் இல்லை. "ஒங்க மேல தப்பில்லண்ணே" என்றேன். அவர் படி இறங்கியதும், கல்யாணத்துக்குப் பிறகு கடையிலேயே கிடந்த அண்ணனின் ஆம்பிலிருந்து இந்த ஃபில்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணனும் அண்ணியும் கூடத்தில் இருந்தார்கள். ஃபில்டரை மேசைமேல் வைத்தேன். "அந்தாளு மேல தப்பில்ல. எர்த்த வெட்டுனது நீங்க. வெட்டியிருக்குன்னு நான் அளந்து பாத்தேன். தெரிஞ்சும் சொல்லல."

"ஏன்?" என்றார் அண்ணன்.

"அன்னைக்குக் காலைல அண்ணி கைய நீங்க..."

முடிப்பதற்குள் பெட்டி பறந்து வந்தது. இடது கண்ணில் இரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணி ஐஸ் பையைக் கொண்டுவந்து என் புருவத்தில் அழுத்தினார். அழுத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்காகன்னு மட்டும் சொல்லாத. அந்த மனுசன் தாடைக்கு என் கைய சாக்கு சொல்லாத."

அண்ணன் என்னை அடித்த அடிகளிலேயே காரணம் இருந்தது அந்த ஒன்றுக்குத்தான். அதற்காக நான் அவரை மன்னித்துவிடவில்லை. ஆனால் இன்றும் உறுத்துவது அண்ணி சொன்னதுதான்.

மறுநாள் புருவத்தில் கட்டோடு சுங்கை பூலோவுக்குப் போய்ச் சவுண்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். மண்டபக்காரர்களுக்கும் குழுக்காரர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மெல்ல மெல்ல மண்டபங்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டன.

அண்ணன் போன ஆண்டு இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, யாரும் கேட்காமலே, சவுண்டுக்காரர் தேவாரம் பாட மைக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் என்னுடையது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தார். ஒரு முனையை என் பிளக்கின் எர்த் காலிலும் மறுமுனையை என் பெட்டியின் தகரத்திலும் வைத்தார். மீட்டர் கூவியது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெட்டியில் கை வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டின்போது வலது பக்கமாகவே மென்றார்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். நசுங்கிய ஃபில்டரை எடுத்து ஒவ்வொரு நாக்காக அளந்து பார்த்தேன். இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.